ரிசர்வ் கீப்பராகவே இருந்தவர் வெளிநாடுகளில் ஹெட் கோச் ஆனது எப்படி? நூனோ பற்றி ஒரு கேள்வி

இரண்டாம்_கீப்பர் (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. நான் ஒரு கால்பந்து கோல்கீப்பர். எங்கள் அணியில் எனக்கு முன்னால் ஒரு நல்ல கீப்பர் இருக்கிறார். அவருக்கு அடிபட்டால், இல்லை சிவப்பு அட்டை விழுந்தால்தான் எனக்கு மேட்ச். இன்னும் சில வருஷம் இப்படித்தான் ஓடும். அதற்கப்புறம் கோச்சிங் பக்கம் போகணும், முடிந்தால் வெளிநாட்டில் வேலை பார்க்கணும் என்பது ரொம்ப நாள் ஆசை.

இதை எங்கள் கோச்சிடம் சொன்னேன். நல்ல மனிதர், என் மேல் அக்கறை உள்ளவர். "கீப்பர் கோச்சாகப் போ, அது உனக்கு ஒத்து வரும். ஹெட் கோச் எல்லாம் நடுக்களத்தில் ஆடினவங்களுக்குத்தான். அதுவும் ரிசர்வ் கீப்பரை எந்த கிளப் கூப்பிடும்?" என்றார். அன்றிலிருந்து இதே யோசனைதான்.

எனக்குத் தெரிந்து போர்ச்சுகலின் நூனோ எஸ்பிரிட்டோ சான்டோவும் ஆடின காலத்தில் பெரும்பாலும் பெஞ்சில்தான் இருந்தார். அப்படிப்பட்டவர் ஸ்பெயின், இங்கிலாந்து, சவூதி என்று போய் ஹெட் கோச்சாக இருந்திருக்கிறார். அது எப்படி நடந்தது? பெஞ்சில் கழிந்த வருஷங்கள் அவருக்கு உதவினவா, இல்லை வேறு காரணமா? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

கையுறை

தம்பி, கீப்பர்களுக்கு ஹெட் கோச் வாய்ப்பு குறைவாக வருகிறது என்பது உண்மைதான். ஆனால் உங்கள் கோச் சொல்கிற காரணத்தை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். களத்தில் இருக்கிற மற்ற 21 பேரையும் ஆட்டம் முழுக்க முகம் திருப்பாமல் பார்க்கிற ஆள் கீப்பர். இடது ஃபுல்பேக் எப்போது மேலே ஏறிவிட்டுத் திரும்ப மறக்கிறார், எந்த மிட்ஃபீல்டர் 70 நிமிடத்துக்கு மேல் ஓடுவதைக் குறைக்கிறார், இதெல்லாம் யாருக்கும் முன்னால் கீப்பர் கண்ணில் படும். நானும் கீப்பராக ஆடியவன், பிறகு பல வருஷமாகக் கீப்பர் கோச். அதில் ஒரு பகுதி வெளிநாட்டு கிளப்களில். நூனோ போர்ச்சுகலின் போர்ட்டோ கிளப்பில் இருந்த நாளிலிருந்தே அவரைக் கவனித்து வருகிறேன். எனக்கும் உங்களுக்கும் அவர் கதை ரொம்ப நெருக்கமானது.

முதலில் ஆட்டக்காரராக அவர் வந்த பாதை. 1974இல் சாவோ டோமேயில் பிறந்தவர். போர்ச்சுகலில் விட்டோரியா கிமரைஷ் அணியில் தொடங்கி, 1997இல் ஸ்பெயினின் டெபோர்டிவோ லா கொருன்யாவுக்குப் போனார். போன இடத்தில் யார் இருந்தது தெரியுமா? கேமரூனின் ஜாக் சோங்கோ. ஸ்பெயின் லீகில் குறைவாக கோல் வாங்கிய கீப்பருக்குக் கொடுக்கும் ஸமோரா விருதை அந்த சீசனில் வாங்கியவர். அவரைத் தள்ளிவிட்டு இடம் பிடிப்பது நடக்கிற காரியமா? லோனில் (தற்காலிகமாக வேறு அணிக்கு) மெரிடா, லோனில் ஒசாசுனா என்று நூனோ போய்விட்டார். பெரும்பாலும் ஆட்டம் கிடைத்தது அங்கேதான்.

2002இல் மொரின்யோ பயிற்சியாளராக இருந்த போர்ட்டோவுக்கு வந்தார். அங்கே விட்டோர் பையா. போர்ச்சுகலின் பெரிய கீப்பர்களில் ஒருவர். நடுவில் பையாவுக்கும் மொரின்யோவுக்கும் மனஸ்தாபம் வந்து பையா ஒதுக்கி வைக்கப்பட்டபோது நூனோ ஆடினார். பையா திரும்பி வந்தார், நூனோ பழையபடி பெஞ்சுக்குப் போனார். 2003இல் யூஃபா கோப்பை, 2004இல் சாம்பியன்ஸ் லீக். இரண்டிலும் மெடல் உண்டு, இரண்டு இறுதி ஆட்டத்திலும் கோல் வாசலில் நின்றவர் பையா.

இனி நான் சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். 2004 டிசம்பர், ஜப்பானின் யோகோஹாமா. ஐரோப்பிய, தென் அமெரிக்க சாம்பியன்கள் மோதும் இன்டர்கான்டினென்டல் கோப்பை, போர்ட்டோவும் கொலம்பியாவின் ஒன்ஸ் கால்டாஸும். கோலே விழவில்லை. 90 நிமிடம் முடியப் போகிற நேரத்தில் பையாவுக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகிவிட்டது. அவரை வெளியே எடுக்க வேண்டிய கட்டாயம். நூனோ உள்ளே போனார். கூடுதல் நேரத்திலும் கோல் இல்லை, பெனால்டிக்குப் போனது. அங்கேயும் முடிவு எளிதில் வரவில்லை, ஐந்து ஐந்து உதைகளில் தீராமல் நீண்டுகொண்டே போய் 8-7 என்று போர்ட்டோ ஜெயித்தது. அந்தப் பெனால்டிகளுக்கெல்லாம் கோல் வாசலில் நின்றவர், ஏறக்குறைய 90 நிமிடம் பெஞ்சில் இருந்த நூனோ. உள்ளே போகும்போது உடம்பு சூடாக நேரம் இல்லை, கையில் பந்து பட்டுப் பழக நேரம் இல்லை. ரிசர்வ் கீப்பரின் வேலை என்ன என்று கேட்டால் நான் இந்த ஆட்டத்தைத்தான் காட்டுவேன். வாரம் முழுக்க ஆடாத மேட்சுக்குத் தயாராவது, அது எந்த நிமிடம் உங்கள் தலையில் விழும் என்று தெரியாமல் தயாராவது.

அதன்பின் டைனமோ மாஸ்கோ, திரும்ப போர்ச்சுகலில் ஆவேஸ், மறுபடி போர்ட்டோ. இம்முறை முன்னால் நின்றது பிரேசிலின் ஹெல்ட்டன். 2008 யூரோவுக்கு, கீப்பர் கிம் மணிக்கட்டு உடைந்து விலகியதால் நூனோ போர்ச்சுகல் அணியில் சேர்க்கப்பட்டார். சீனியர் அணிக்கு ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பெஞ்ச் என்ன கற்றுக் கொடுக்கும்? மற்ற மாற்று ஆட்டக்காரர்கள் இரண்டாம் பாதியில் எழுந்து கோட்டோரம் ஓடிக்கொண்டிருப்பார்கள். ரிசர்வ் கீப்பர் மட்டும் 90 நிமிடமும் கோச்சுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். யாரை எடுக்கலாம், எப்போது எடுக்கலாம், எதிரணி எதை மாற்றியது, இந்தப் பேச்செல்லாம் அவர் காதில் விழும். மொரின்யோ பக்கத்தில் அப்படி இரண்டு சீசன் உட்கார்ந்திருக்கிறார் நூனோ, அதுவும் ஐரோப்பாவின் இரண்டு பெரிய கோப்பைகளை வென்ற சீசன்கள். காசு கொடுத்தாலும் கிடைக்காத படிப்பு அது. உங்களுக்கும் உங்கள் பெஞ்சில் அது கிடைக்கிறது. காதைத் திறந்து வைத்திருங்கள்.

ஆனால் உட்கார்ந்தால் மட்டும் போதாது. 2009இல், இன்னும் போர்ட்டோ வீரராக இருக்கும்போதே, ஸ்காட்லாந்து போய் லார்க்ஸில் ஸ்காட்டிஷ் எஃப்.ஏ. (கால்பந்து சங்கம்) நடத்தும் கோச்சிங் கோர்ஸில் சேர்ந்தார். அங்கே இயன் கேத்ரோ என்ற இளைஞரைச் சந்தித்தார். பின்னால் தான் ஹெட் கோச்சாக இருந்த ரியோ ஆவே, வலென்சியா, வுல்வ்ஸ், டாட்டன்ஹாம் என்று கேத்ரோவை உதவிப் பயிற்சியாளராகக் கூடவே வைத்துக்கொண்டார். 2010இல் ஓய்வு பெற்றதும், போர்ட்டோவில் தன்னைப் பயிற்றுவித்த ஜெசுவால்டோ ஃபெரெய்ராவின் கூடப் போனார், ஸ்பெயினில் மலகா, பிறகு கிரீஸில் பனாதினைகோஸ். பதவி என்ன? கீப்பர் கோச். அதாவது உங்கள் கோச் உங்களுக்குக் காட்டிய அதே வேலை. அதிலேயே நின்றுவிடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

2012இல் ரியோ ஆவே என்ற சின்ன கிளப் அவரை ஹெட் கோச் ஆக்கியது. 2013-14இல் அந்த அணியை போர்ச்சுகல் கோப்பை, லீக் கோப்பை இரண்டுக்கும் இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனார். இரண்டிலும் பென்ஃபிக்காவிடம் தோல்வி. இருந்தாலும் அந்த கிளப் முதல் தடவையாக ஐரோப்பியப் போட்டிக்குப் போனது. அதுதான் ஸ்பெயினின் வலென்சியாவுக்கு வழி. முதல் சீசனில் 77 புள்ளி, நான்காம் இடம், சாம்பியன்ஸ் லீக். இரண்டாம் சீசன் பாதியில் விலகினார். போர்ட்டோவில் ஒரு வருஷம், கோப்பை இல்லை. 2017இல் இங்கிலாந்தின் வுல்வ்ஸ்.

வுல்வ்ஸில்தான் கீப்பரின் கண் தெரிகிறது என்பேன். பின்னால் மூன்று பேர், நடுவில் கோனர் கோடி. அவர் மிட்ஃபீல்டிலும் வலது பக்கமும் ஆடி வந்தவர். ஆட்டத்தைப் பார்த்து நின்றுகொண்டு விடாமல் கத்துகிற ஒருவரைப் பின்வரிசையின் நடுவில் வைக்க வேண்டும் என்று நினைத்தது ஒரு கீப்பரின் யோசனைதான் என்று எனக்குத் தோன்றும். நாமும் அதைத்தானே வேண்டுவோம்? முன்னால் நிற்கிற ஒருவராவது நம் குரலை வாங்கி மற்றவர்களுக்குச் சொல்ல மாட்டாரா என்று. அந்த சீசன் இங்கிலாந்தின் இரண்டாம் நிலை லீகான சாம்பியன்ஷிப்பில் 99 புள்ளி, 46 ஆட்டத்தில் வாங்கியது 39 கோல். பிரீமியர் லீக் ஏறியதும் அடுத்தடுத்து இரண்டு முறை ஏழாம் இடம். 1980க்குப் பிறகு அந்த கிளப் ஐரோப்பியப் போட்டியில் ஆடியது அவர் காலத்தில்தான்.

கார்டிஃப் மேட்சைத் தேடிப் பாருங்கள், 2018 ஏப்ரல். வுல்வ்ஸின் ரூபென் நெவெஸ் ஃப்ரீ கிக்கில் 1-0. இன்ஜுரி டைமில் கார்டிஃபுக்கு ஒரு பெனால்டி. வுல்வ்ஸ் கீப்பர் ஜான் ரட்டி தடுத்தார். மூச்சு விடுவதற்குள் இன்னொரு பெனால்டி. அது கிராஸ்பாரில் பட்டுத் திரும்பியது. விசில் அடித்ததும் நூனோ களத்துக்குள் ஓடிய ஓட்டத்தைப் பாருங்கள். எதிரணி மேனேஜர் நீல் வார்னாக்குக்குக் கை கொடுக்காமல் ஓடினார் என்று பெரிய சண்டையே ஆனது. எனக்கு அந்த ஓட்டத்தில் தெரிந்தது ஒரு கீப்பர். ஒரே ஆட்டத்தின் கடைசியில் இரண்டு பெனால்டியிலும் கோல் விழாமல் தப்பிப்பது என்றால் என்ன என்று கோல் கோட்டில் நின்றவனுக்குத்தான் உடம்பில் ஏறும்.

புள்ளிப்பட்டியல்

கையுறை சார், நல்லா எழுதியிருக்கீங்க. ஆனால் ஒரு முக்கியமான விஷயத்தை விட்டுட்டீங்க. ஜோர்ஜ் மென்டஸ்.

மென்டஸ் ஏஜென்ட் தொழிலில் இறங்கியபோது அவருடைய முதல் ஆட்டக்காரரே நூனோதான். கிமரைஷிலிருந்து டெபோர்டிவோவுக்குக் கொண்டுபோனது அவர். வலென்சியாவை வாங்கிய பீட்டர் லிம்முக்கு மென்டஸ் நெருக்கம். வுல்வ்ஸை 2016இல் வாங்கிய சீன நிறுவனம் ஃபோசுனுக்கும் மென்டஸ் ஆலோசகர். சாம்பியன்ஷிப்பில் ஆடுற கிளப்புக்கு போர்ட்டோவிலிருந்து ரூபென் நெவெஸ் மாதிரி ஆள் எப்படி வந்தார்? அதே வழியில்தான். இதைச் சொல்லாமல் விட்டால், பெஞ்சில் உட்கார்ந்து கவனிச்சாலே வலென்சியா கூப்பிடும்னு கேள்வி கேட்ட தம்பி நினைச்சிடுவார்.

இன்னொன்று. வெளிநாடு போன எல்லா கீப்பருக்கும் இப்படி நடக்கலை. வால்டர் ஸெங்காவைப் பாருங்க. 1990 உலகக் கோப்பையில் 517 நிமிடம் கோல் வாங்காமல் நின்ற ஆள், நூனோவைவிட எத்தனையோ மடங்கு பெரிய கீப்பர். அமெரிக்காவில் நியூ இங்கிலாந்து ரெவல்யூஷனில் ஆடிக்கொண்டே கோச் ஆனார். பிறகு ருமேனியா, செர்பியா, துருக்கி, அமீரகம், சவூதி, நடுநடுவே இத்தாலி, இங்கிலாந்து. எங்கேயும் நிலைக்கலை. ருமேனியாவின் ஸ்டெயாவா புகரெஸ்ட்டை வைத்து யூஃபா கோப்பையில் நடப்புச் சாம்பியன் வலென்சியாவை வெளியேற்றினார், அதே சீசன் முடிய சில வாரம் இருக்கும்போது நீக்கிட்டாங்க, அணி லீக் பட்டம் ஜெயிச்சது. ரெட் ஸ்டார் பெல்கிரேடில் லீகும் கோப்பையும் சேர்த்து வாங்கினார், அந்த சீசனோடு கிளம்பிட்டார். 2016இல் வுல்வ்ஸுக்கே வந்தார், சீசன் தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது வேலை கொடுத்து, அக்டோபரில் அனுப்பிட்டாங்க.

அதே கிளப், அதே முதலாளி, அவரும் கீப்பர். ஒருத்தருக்கு மூன்று மாசம், இன்னொருத்தருக்கு நாலு வருஷம். அப்போ கீப்பர் என்பதில் என்ன இருக்கு?

கையுறை

நண்பர் மென்டஸை எடுத்தது சரியான இடம். அந்தக் கதவை அவர்தான் திறந்தார், அதை மறைக்க ஒன்றுமில்லை. வெளிநாட்டில் கோச் வேலை என்பது தெரிந்தவர்கள் வழியாக வருவதுதான், கீப்பர் ஆனாலும் ஸ்ட்ரைக்கர் ஆனாலும். ஆனால் அந்த வழியாக வந்த பலரில் 99 புள்ளி எடுத்தவர் எத்தனை பேர்? நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டையும் பாருங்கள். 2023 டிசம்பரில் தத்தளிக்கிற அணியை எடுத்தார். நிதி விதி மீறலுக்கான புள்ளி வெட்டும் சேர்ந்துகொண்டது, 17ஆம் இடத்தில் தப்பித்தார். அடுத்த சீசன் 65 புள்ளி, ஏழாம் இடம், எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. ஆன்ஃபீல்டில் போய் லிவர்பூலை 1-0 ஜெயித்தார். அந்த அணியின் கீப்பர் மாட்ஸ் செல்ஸ் 13 கிளீன் ஷீட் (கோல் வாங்காத ஆட்டம்) எடுத்து, அதில் முதலிடத்துக்கான கோல்டன் க்ளவ் விருதை ஆர்செனலின் ராயாவோடு பகிர்ந்துகொண்டார். பந்தை எதிரணியிடம் விட்டுக் கொடுத்து, பாக்ஸுக்குள் ஆளை நிறுத்தி, கிடைத்தவுடன் வேகமாக வெளியேறுகிற ஆட்டம். அந்த ஒழுங்கை எந்த ஏஜென்ட்டும் கொண்டுவந்து கொடுக்க முடியாது.

டாட்டன்ஹாமை நீங்கள் சொல்லவில்லை, நான் சொல்லிவிடுகிறேன். 2021 ஆகஸ்டில் அந்த மாதத்தின் சிறந்த மேனேஜர் விருது, நவம்பர் 1ஆம் தேதி வேலை போச்சு. அங்கே ரசிகர்கள் எதிர்பார்த்தது மேலே ஏறி ஆடுகிற ஆட்டம். அவர் கட்டுவது பின்னாலிருந்து. பொருந்தவில்லை. சவூதியில் அல்-இத்திஹாத்துக்கு லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தார், அடுத்த சீசன் நடுவிலேயே நீக்கினார்கள். வெளிநாட்டு கோச் வாழ்க்கை இப்படித்தான் இருக்கும், பெட்டியைப் பிரித்து அடுக்கவே நேரம் இருக்காது. அதையும் தெரிந்துகொண்டு வரட்டும் தம்பி.

ஸெங்காவுக்கு வுல்வ்ஸில் கிடைத்தது என்ன? புதிய முதலாளி, புதிதாக வந்து குவிந்த ஆட்டக்காரர்கள், ஒரு வார அவகாசம். நூனோவுக்கு ஒரு முழுக் கோடை விடுமுறை, அணியைப் பிரித்துக் கட்ட. இந்த வித்தியாசம் சின்னது இல்லை. ஸெங்காவுக்குத் திறமை இல்லை என்று யாரும் சொன்னால் நான் சண்டைக்கே போவேன்.

வுல்வ்ஸுக்கு இன்னொரு கீப்பரும் வந்தார், ஹுலென் லொபெடெகி. இவரும் ரிசர்வ் கீப்பர் வகைதான். ரியல் மாட்ரிட், பார்சிலோனா இரண்டிலும் இருந்தவர், இரண்டிலும் முதல் கீப்பர் இல்லை. லொக்ரோன்யெஸ், ராயோ வயெகானோ போன்ற சின்ன அணிகளில்தான் நிறைய ஆடினார். ஸ்பெயினுக்கு ஒரே ஒரு ஆட்டம். இவரும் நூனோவும் ஒருவர் இருந்த நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்துகொண்டே வந்திருக்கிறார்கள். போர்ட்டோவில் முதலில் லொபெடெகி, 2016இல் நூனோ. வுல்வ்ஸில் முதலில் நூனோ, 2022இல் லொபெடெகி. வெஸ்ட் ஹாமில் லொபெடெகி, அவர் போய் நடுவில் கிரஹாம் பாட்டர் வந்து, 2025 செப்டம்பரில் நூனோ. மூன்று கிளப், இரண்டு ரிசர்வ் கீப்பர்கள். ரிசர்வ் கீப்பரை எந்த கிளப் கூப்பிடும் என்று கேட்ட உங்கள் கோச்சிடம் இதைச் சொல்லுங்கள்.

அப்போது செவியா கோச்சாக இருந்த லொபெடெகியும் வுல்வ்ஸில் இருந்த நூனோவும் நேருக்கு நேர் மோதிய பெரிய ஆட்டம் 2020 ஆகஸ்ட், ஜெர்மனியின் டூயிஸ்பர்க்கில், யூரோபா லீக் காலிறுதி. கொரோனா காலம், மைதானத்தில் ரசிகர்கள் இல்லை. தொடக்கத்திலேயே வுல்வ்ஸுக்குப் பெனால்டி. ராவுல் ஹிமெனெஸ் அடித்ததை செவியாவின் யாசின் பூனு தடுத்தார். பிறகு வுல்வ்ஸ் ஒரே இடத்தில் நின்று தாங்கித் தாங்கிப் பார்த்தது. 88ஆவது நிமிடம், பனேகாவின் கிராஸ், ஓகாம்போஸின் தலை, 1-0. செவியா மேலே போய் இன்டரை 3-2 ஜெயித்துக் கோப்பையும் வாங்கியது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் உலகக் கோப்பையில் ஸ்பெயினின் முதல் ஆட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது அந்த அணியின் பயிற்சியாளர் பதவியிலிருந்து நீக்கப்பட்டு, அதே வருஷம் ரியல் மாட்ரிட்டிலிருந்தும் நீக்கப்பட்ட மனிதர் லொபெடெகி. கோப்பை வாங்கிய இரவு அவர் கண் கலங்கியதைப் பார்த்தபோது எனக்கும் தொண்டை அடைத்தது. பிறகு கத்தார் அணியை எடுத்து 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெறவும் வைத்தார்.

ஆக, கீப்பர் என்பதில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்களே, பட்டம் ஜெயிக்கிற மந்திரம் எதுவும் இல்லை. அடி வாங்கியபின் அடுத்த பந்துக்கு நிற்கிற பழக்கம் இருக்கிறது. ஒரு ஸ்ட்ரைக்கர் ஐந்து தடவை வெளியே அடித்துவிட்டு ஆறாவதை உள்ளே போட்டால் எல்லோரும் மறந்துவிடுவார்கள். கீப்பருக்கு அந்த வசதி கிடையாது.

ஆரஞ்சு_ஜெர்சி

மிஷெல் ப்ரூடோமை யாரும் சொல்லவில்லையே! 1994 உலகக் கோப்பையின் சிறந்த கீப்பர் விருது வாங்கிய பெல்ஜியம்காரர். சொந்த ஊரில் ஸ்டாண்டர்ட் லியேஜுக்கு 25 வருஷம் கழித்து லீக் பட்டம் வாங்கிக் கொடுத்துவிட்டு வெளிநாடு போனார். நெதர்லாந்தில் ட்வென்டேயை 2011இல் டச்சுக் கோப்பை ஜெயிக்க வைத்தார். லீகில் கடைசி நாள் வரை போட்டி, அயாக்ஸிடம் தோற்றுப் பட்டம் போனது. அடுத்து சவூதியில் அல்-ஷபாப், 2011-12 சீசனில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் லீக். கோப்பை என்று எண்ணினால் வெளிநாடு போன கீப்பர் கோச்சுகளில் அவர் யாருக்கும் குறைந்தவர் இல்லை. அதற்கும் முன்னால் ரேமோன் கோதால்ஸ், அவரும் பெல்ஜியம், அவரும் கீப்பர். 1993இல் பிரான்சின் மார்செயிக்கு சாம்பியன்ஸ் லீக் வாங்கிக் கொடுத்தபோது வயது 71.

இன்னொன்று, கீப்பர் கோச் வேலையை ஏதோ இரண்டாம் தரம் மாதிரிப் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. ஃபிரான்ஸ் ஹூக் வோலண்டாம் கீப்பராக இருந்தவர். அயாக்ஸில் வான் டெர் சாரை வளர்த்து, வான் காலோடு பார்சிலோனா போனார். 2014 உலகக் கோப்பைக் காலிறுதியில் கோஸ்டா ரிகாவுக்கு எதிராக, கூடுதல் நேரம் முடிகிற கணத்தில் கீப்பர் சிலெசனை எடுத்துவிட்டு ரிசர்வ் கீப்பர் டிம் க்ரூலைப் பெனால்டிக்கென்றே இறக்கினார்களே, அப்போது நெதர்லாந்தின் கீப்பர் கோச் அவர்தான். க்ரூல் இரண்டைத் தடுத்தார். ஒரு உலகக் கோப்பைக் காலிறுதியைத் தீர்த்த முடிவு அது.

இரண்டாம்_கீப்பர்

அண்ணன்களே, இவ்வளவு கிடைக்கும் என்று நினைக்கவில்லை. யோகோஹாமா பெனால்டி வீடியோவைத் தேடிப் பார்த்தேன். பையா வெளியே வரும்போது நூனோ முகத்தைப் பார்த்தால் அவசரமே தெரியவில்லை.

கையுறை அண்ணா, இரண்டு சந்தேகம். லைசென்ஸ் எடுப்பதென்றால் கீப்பர் கோச் லைசென்ஸா, பொதுவான கோச் லைசென்ஸா, எது முதலில்? அடுத்தது, கீப்பர் கோச்சாகப் போனால் அதிலேயே மாட்டிக்கொள்ளாமல் இருக்க என்ன வழி?

கையுறை

ஆரஞ்சு ஜெர்சி சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். கீப்பர் கோச் வேலையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், என் வாழ்க்கையே அதுதான். தம்பி வேறொன்று விரும்புகிறார், அதனால் அதற்குப் பதில் சொல்கிறேன்.

பொது லைசென்ஸ் முதலில். ஐரோப்பாவில் யூஃபா சி, பி, ஏ, அதற்கு மேல் ப்ரோ. உயர்ந்த லீகில் ஹெட் கோச்சாக நிற்க ப்ரோ வேண்டும். கீப்பர் லைசென்ஸ் தனி வரிசை, அதை மட்டும் வைத்துக்கொண்டு ஹெட் கோச் ஆக முடியாது. ஆசியாவில் ஏ.எஃப்.சி.யும் இதே மாதிரி சி, பி, ஏ, ப்ரோ என்று வைத்திருக்கிறது. ஒவ்வொரு படிக்கும் இடையில் வேலை செய்த அனுபவம் கேட்பார்கள், அதனால் வருஷங்கள் ஓடிவிடும். ஆடிக்கொண்டிருக்கும்போதே முதல் படியை ஏறிவிடுங்கள். நூனோ செய்தது அதுதான். கோர்ஸில் கூடப் படிக்கிறவர்களோடு பழகுங்கள். நாளைக்கு எங்கேயோ ஒரு கிளப்பில் வேலை காலியானால் உங்களுக்கு போன் வருவது அவர்களிடமிருந்துதான்.

மாட்டிக்கொள்வதைப் பற்றிக் கேட்டீர்கள். அது உண்மையான ஆபத்து. எப்படி நடக்கும் என்றால், பயிற்சி தொடங்கியதும் ஹெட் கோச் "கீப்பர்களைக் கூட்டிக்கொண்டு போ" என்பார். நீங்கள் மைதானத்தின் மறுகோடியில் மூன்று பேருக்குப் பந்து அடித்துக்கொண்டிருப்பீர்கள். இந்தப் பக்கம் பத்துப் பதினைந்து பேருக்கு பிரஸ்ஸிங் (பந்து வைத்திருப்பவரை நெருக்குவது) எப்படி, பந்தைப் பின்னாலிருந்து எப்படி வெளியே கொண்டுவருவது என்று சொல்லிக் கொடுப்பார்கள். அது உங்கள் காதில் விழாது. கீப்பர்கள் திரும்பிப் பெரிய குழுவில் சேரும்போது பாடம் பாதி முடிந்திருக்கும். இப்படியே சில வருஷம் போனால், மற்ற பத்து இடங்களைப் பற்றி உங்களுக்கும் தெரியாது, தெரியும் என்று யாரும் நம்பவும் மாட்டார்கள்.

அதற்கு நான் பார்த்த ஒரே வழி, எதிரணி கார்னர், ஃப்ரீ கிக் வரும்போது நம் அணி எப்படி நிற்பது என்கிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்வது. அது கீப்பரோடு ஒட்டிய விஷயம், அதனால் ஹெட் கோச் மறுக்க மாட்டார். ஆனால் அதைச் செய்ய நீங்கள் பதினோரு பேர் முன்னாலும் நின்று பேசியாக வேண்டும். முதல் கம்பத்தில் யார், ஜோனில் (ஆளைத் தொடராமல் இடத்தைக் காப்பது) யார், ஆளைப் பிடிப்பது யார், பந்து வெளியே போனதும் ஓடுவது யார். ஸ்ட்ரைக்கரும் நீங்கள் சொல்வதைக் கேட்டு நிற்பார். அங்கேதான் அணி உங்களைக் கீப்பர் கோச் என்பதற்கு மேலாகப் பார்க்கத் தொடங்கும்.

மொழியை மறக்காதீர்கள். எந்த நாட்டுக்குப் போகப் போகிறீர்களோ அந்த மொழியில் முதலில் களத்துச் சொற்கள். வெளியே வா, திரும்பு, ஆள் பின்னால், நேரம் இருக்கு, என் பந்து. கீப்பருக்கு இது புதிதில்லை, தினமும் கத்துவதுதான். டிரெஸ்ஸிங் ரூமில் பேசுவது அடுத்த கட்டம். ஒரு ஆட்டக்காரரைத் தனியாக உட்கார வைத்து, இந்த வாரம் நீ ஆடவில்லை என்று அவர் மொழியில் சொல்லத் தெரிய வேண்டும். நீங்கள் அந்தப் பக்கம் உட்கார்ந்து அதைக் கேட்டவர், எப்படிச் சொன்னால் தாங்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

உங்கள் அணி இந்த சீசனில் வாங்கிய கார்னர் கோல்கள் வீடியோவில் இருந்தால் எடுத்து வையுங்கள். ஒவ்வொன்றிலும் யார் எங்கே நின்றார்கள் என்று வரைந்து, கோர்ஸ் விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் இங்கே போடுங்கள். நானும் பார்க்கிறேன், புள்ளிப்பட்டியலும் பார்ப்பார், அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

புள்ளிப்பட்டியல்

கண்டிப்பா பார்க்கிறேன் சார். தம்பி, வரையும்போது கார்னர் அடிச்சவர் இடது காலா வலது காலா என்பதையும் பக்கத்தில் எழுதிடுங்க.